சிவப்பு ஊர், நீல ஊர்: அமெரிக்கச் சிற்றூர்களின் ஓட்டைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் முடிந்த மறுநாள் எந்த டிவியைத் திருப்பினாலும் ஒரே வரைபடம்தான். இரண்டு கடலோரங்களிலும் நீலம், நடுவில் அங்கங்கே நீலத் திட்டுகள், மீதி இடமெல்லாம் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "நகரத்துக்காரர்கள் ஜனநாயகக் கட்சி, கிராமத்துக்காரர்கள் எல்லாம் டிரம்ப் ஆட்கள்."

இந்தப் பேச்சைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். படித்தவர்கள், அங்கே போய் வந்தவர்கள்கூட இப்படித்தான் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. மறுபாதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால், அந்த ஊர்க்காரர்களைப் பற்றி முழுக்கத் தவறான ஒரு படம் மனதில் பதிந்துவிடும். அரசியல் அறிவியல் எதுவும் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி அந்த மறுபாதியை எழுதிப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு ஊர்ப்புறத்தை வைத்தே பேசலாம்: அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஹோவர்ட் கவுண்டி.

முதலில் இரண்டு சொற்கள். மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. அயோவாவில் மட்டும் இப்படி 99 இருக்கின்றன, நாடு முழுவதும் 3,100க்கும் மேல். அப்புறம் இந்த நிறங்கள். சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி. ஏதோ ஆதிகாலத்து வழக்கம் போலத் தோன்றும். ஆனால் இது நிலைத்தது 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான். அதற்கு முன் ஒவ்வொரு தொலைக்காட்சியும் தன் விருப்பப்படி நிறம் போட்டது. 1980இல் குடியரசுக் கட்சியின் ரீகன் ஜெயித்த மாநிலங்களை ஒரு பெரிய தொலைக்காட்சி நீல நிறத்தில்தான் காட்டியது.

## ஹோவர்ட் கவுண்டி

மினசோட்டா மாநில எல்லையை ஒட்டிய இடம். மொத்த மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. தலைமை ஊர் கிரெஸ்கோ, அங்கே நாலாயிரம் பேருக்குள்தான் இருக்கிறார்கள். மக்காச்சோளம், சோயாபீன்ஸ், மாட்டுப் பண்ணைகள், காற்றாலைகள், டிரெய்லர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. மல்யுத்தம் என்றால் ஊருக்கு உயிர். மாநிலத்தின் மல்யுத்த வீரர்களுக்கான நினைவகம் கிரெஸ்கோவில்தான் இருக்கிறது.

அந்த நினைவகத்தில் இடம்பெற்ற ஒருவருக்கு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. நார்மன் போர்லாக். கிரெஸ்கோவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1914இல் பிறந்து, கிரெஸ்கோ உயர்நிலைப் பள்ளியில் படித்து, மல்யுத்தம் செய்தவர். அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமை ரகங்கள்தான் 1960களில் இந்தியாவுக்கு வந்தன. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அவரோடு சேர்ந்து உழைத்ததும், போர்லாக் தொடங்கிய உலக உணவுப் பரிசு 1987இல் முதன்முதலாக சுவாமிநாதனுக்கே கிடைத்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். பசுமைப் புரட்சியின் ஒரு வேர் இந்தச் சிவப்புக் கவுண்டியில் இருக்கிறது.

சரி, இதன் ஓட்டுக் கதைக்கு வருவோம். 2012இல் ஹோவர்ட் கவுண்டியில் ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்று ஜெயித்தார். 2016இல் அதே கவுண்டியில் டொனால்ட் டிரம்ப் 20 புள்ளி முன்னிலையில் ஜெயித்தார். இரண்டு பக்கமும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் சாய்ந்த கவுண்டி நாட்டிலேயே இது ஒன்றுதான். அதனால் செய்தியாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கிரெஸ்கோவுக்குப் போனார்கள். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த ஊருக்கு என்ன ஆயிற்று?"

அந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அது என்னவென்று பார்ப்பதற்கு முன், வரைபடத்தில் இருக்கும் இன்னொரு கோளாறைச் சரிசெய்துவிடலாம்.

## நிலத்துக்கு ஓட்டு கிடையாது

ஒரு தெருவில் ஒரு பெரிய தோப்பு வீடும் பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோப்பு வீட்டில் இரண்டு பேர், குடியிருப்பில் இருநூறு பேர். வானத்திலிருந்து படம் எடுத்தால் தெருவையே தோப்பு அடைத்துக்கொண்டிருக்கும். அதை வைத்து "இந்தத் தெருவில் பெரும்பாலும் தோப்புக்காரர்கள்தான்" என்று சொல்ல முடியுமா?

தேர்தல் வரைபடம் அப்படிப்பட்ட வான்படம்தான். டெக்ஸாஸில் லவிங் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் ஒரு கோடிப் பேர். பரப்பளவில் லாஸ் ஏஞ்சலஸ் ஆறு மடங்குதான் பெரியது. மக்களிலோ ஒன்றரை லட்சம் மடங்கு. வரைபடத்துக்குத் தெரிவது அந்த ஆறு மடங்கு மட்டுமே.

இதனால்தான் 2020இல் ஜோ பைடன் ஐந்நூற்றுச் சொச்சம் கவுண்டிகளில் மட்டும் ஜெயித்தும், எட்டு கோடிக்கும் மேல் ஓட்டு வாங்கி அதிபரானார். மீதிக் கவுண்டிகளையெல்லாம் ஜெயித்த டிரம்ப் வாங்கியது ஏழு கோடியே நாற்பது லட்சம் அளவில். வரைபடத்தில் நமக்குத் தெரியும் சிவப்பின் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமும் பாலைவனமும்தான்.

## நூறு பேர் இருக்கும் விடுதி

இப்போது ஹோவர்ட் கவுண்டிக்குத் திரும்பலாம். "20 புள்ளியில் ஒபாமா, அப்புறம் 20 புள்ளியில் டிரம்ப்" என்று படித்தவுடன் நம் மனதில் ஒரு காட்சி வருகிறது. ஊரே ஒரு நாள் ராத்திரி மனம் மாறிவிட்டது போல. உண்மையில் எத்தனை பேர் மாறினார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கஷ்டமான கணக்கு இல்லை.

நூறு பேர் தங்கியிருக்கும் ஒரு விடுதி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன போடலாம் என்று நாலு வருடத்துக்கு ஒரு முறை கைதூக்கச் சொல்கிறார்கள். போன முறை 60 பேர் இட்லி, 39 பேர் சப்பாத்தி, ஒருவர் வேறு ஏதோ கேட்டார். இந்த முறை இட்லிக்கு 37 பேர், சப்பாத்திக்கு 57, வேறு ஏதோ கேட்டவர்கள் 6. "இட்லி விடுதி சப்பாத்தி விடுதி ஆகிவிட்டது" என்று பலகையில் எழுதிவிடலாம். எண்ணிப் பார்த்தால் இட்லியை விட்டுப் போனவர்கள் 23 பேர். மீதி 77 பேரும் போன முறை தூக்கிய அதே கையையே இந்த முறையும் தூக்கியிருக்கலாம்.

ஹோவர்ட் கவுண்டியின் கதை ஏறத்தாழ இந்த விடுதியின் கதைதான். 2012, 2016 இரண்டிலும் சதவீதங்கள் இவற்றை ஒட்டியே இருந்தன. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை முன்னிலை என்கிறோம். இரண்டு தேர்தல்களுக்கு இடையில் அந்த முன்னிலை எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் சாய்வு. ஒருவர் கட்சி மாறினால் இந்தப் பக்கம் ஒன்று குறைந்து அந்தப் பக்கம் ஒன்று ஏறும். ஆக, ஒரு ஆள் மாறினால் சாய்வில் இரண்டு கூடும். அதனால்தான் "40 புள்ளிச் சாய்வு" என்று தலைப்புச் செய்தி அலறும்போது, நிஜத்தில் நூற்றுக்கு இருபதைக் கொஞ்சம் தாண்டிய பேர் மாறியிருந்தாலே போதும்.

இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுதியில் நாலு வருடத்துக்குள் சிலர் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள், புதிதாகச் சிலர் வந்திருப்பார்கள். ஊரிலும் அப்படித்தான். பள்ளி முடித்த பிள்ளைகள் வேலை தேடிப் பெரிய நகரத்துக்குப் போகிறார்கள், முதியவர்கள் இறக்கிறார்கள், சிலருக்கு இந்த முறை ஓட்டுச்சாவடிக்குப் போகவே மனம் வராது. அதே ஆட்கள் மனம் மாறியதால் முடிவு மாறுவதும் உண்டு, ஆட்களே வேறாகிவிட்டதால் முடிவு மாறுவதும் உண்டு. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். வரைபடம் நிலத்தைக் காட்டுகிறது, ஆட்களைக் காட்டுவதில்லை. ஒரு கவுண்டியின் நிறம் மாற, அதிலுள்ள எல்லோரும் மாற வேண்டியதில்லை, ஐந்தில் ஒரு பங்கு போதும். 2016இல் சிவப்பு பூசிய ஹோவர்ட் கவுண்டியிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீலக்காரர்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள்.

## ஏன் மாறினார்கள்?

இதைக் கேட்டவுடன் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஒரு பஸ்ஸில் சராசரி வயது 40 என்று யாரோ சொன்னால், நாற்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நினைப்போம். ஏறிப் பார்த்தால் பாதிப் பேர் எழுபது வயதுத் தாத்தா பாட்டிகள், மீதி பத்து வயதுப் பேரப் பிள்ளைகள். நாற்பது வயதில் ஒருவர்கூட இல்லை. கூட்டத்தின் கணக்கை வைத்துத் தனி ஆளை ஊகிப்பதில் இருக்கும் இந்தப் பிழையைப் புள்ளியியலில் கூட்டுக்கணக்குப் பிழை என்று சொல்லலாம். "இந்தக் கவுண்டியில் வருமானம் குறைவு, கவுண்டி டிரம்புக்குச் சாய்ந்தது, ஆகவே ஏழைகள்தான் டிரம்புக்குப் போட்டார்கள்" என்பது அச்சு அசலாக இந்தப் பிழைதான். அதே கவுண்டியில் வசதியானவர்கள் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இருந்தாலும், பல இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. அவற்றில் முக்கியமானது கல்லூரிப் படிப்பு. 2016இல் ஒபாமாவிடமிருந்து டிரம்பிடம் அதிகம் நகர்ந்தவை, கல்லூரிப் பட்டம் பெறாத வெள்ளையர்கள் மிகுதியாக வாழும் இடங்கள். ஹோவர்ட் கவுண்டிக்குக் கிழக்கே தொட்டுக்கொண்டிருப்பது வின்னஷீக் கவுண்டி. அதே மண், அதே மழை, அதே மாட்டுப் பண்ணைகள். அங்கேயும் டிரம்ப் ஜெயித்தார், ஆனால் ஒரு புள்ளிக்கும் குறைவான முன்னிலையில். அங்கே டெக்கோரா என்ற ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் அதைச் சுற்றி வாழும் குடும்பங்களும் எண்ணிக்கையை அந்த அளவுக்கு இழுத்துப் பிடித்தார்கள்.

இன்னொரு பொதுவான தவறு, "அந்த ஊர்கள் எப்போதுமே அப்படித்தான்" என்பது. 1980களில் அயோவாவை விவசாயக் கடன் நெருக்கடி உலுக்கியது. நிலத்தின் விலை சரிந்தது, வங்கிகள் மூடப்பட்டன, தலைமுறை தலைமுறையாக உழுத பண்ணைகள் ஏலத்துக்குப் போயின. அந்தக் கோபத்தில்தான் 1988இல், நாடே ஜார்ஜ் புஷ்ஷைத் தேர்ந்தெடுத்தபோது, அயோவா ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸுக்கு ஓட்டுப் போட்டது. 1988 முதல் 2012 வரை நடந்த ஏழு அதிபர் தேர்தல்களில் ஆறு முறை அயோவா நீலம். 2004 மட்டும் விதிவிலக்கு. இன்று சிவப்பாகத் தெரியும் மாநிலத்துக்கு இவ்வளவு நீண்ட நீலக் காலமும் உண்டு. அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் கிரெஸ்கோ போன்ற ஊர்களில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

## ஒரு ஓட்டுச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

இதுவரை அதிபர் தேர்தலைப் பற்றியே பேசினோம். என் பார்வையில் பெரிய தவறே அங்கேதான் தொடங்குகிறது. ஊரின் அரசியல் என்பது அதிபர் ஓட்டு மட்டும் என்று நினைத்துவிடுகிறோம்.

அயோவாவில் ஓட்டுச்சீட்டு காகிதம்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு நீள்வட்டம். பேனாவால் அதைக் கறுப்பாக நிரப்ப வேண்டும், பிறகு இயந்திரம் படித்து எண்ணும். அதிபர் தேர்தல் வருடத்தில் அந்தக் காகிதத்தின் உச்சியில் அதிபர் வேட்பாளர்கள். கீழே வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றத்துக்குப் போகும் உறுப்பினர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அதற்கும் கீழே கவுண்டிக்காரர்கள்: கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வைக் குழு உறுப்பினர்கள், ஷெரிஃப் எனப்படும் கவுண்டிக் காவல் தலைவர், ஆடிட்டர். பெயரைக் கேட்டால் கணக்கு பார்ப்பவர் போலத் தோன்றும், ஆனால் அயோவாவில் கவுண்டியின் தேர்தலையே நடத்துபவர் இந்த ஆடிட்டர்தான். அவரும் தேர்தலில் நின்று வருகிறார்.

இதோடு முடிவதில்லை. காகிதத்தைத் திருப்பினால் மண், நீர் பாதுகாப்புக் குழு ஆணையர்கள். விவசாய விரிவாக்க மன்ற உறுப்பினர்கள். சில இடங்களில் அரசு மருத்துவமனையின் அறங்காவலர்கள். கவுண்டிக்குள்ளே சின்னச் சின்னப் பகுதிகளாக இருக்கும் டவுன்ஷிப்களின் அறங்காவலர்கள். கிராமப்புறத் தீயணைப்பு ஏற்பாடும் இடுகாட்டுப் பராமரிப்பும் இவர்கள் பொறுப்பு. நீதிபதிகளின் பெயரும் வரும், "இவர் பதவியில் தொடரலாமா" என்று ஆம், இல்லை கேட்டு. இது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். ஒருபால் திருமணத்தை 2009இல் அனுமதித்த அயோவா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளில் மூன்று பேரை 2010இல் மக்கள் இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இத்தனை நீள்வட்டங்களில் உச்சியில் இருக்கும் ஒன்றுதான் டிவி வரைபடத்துக்கு நிறம் கொடுக்கிறது. கீழே இருப்பவற்றை வெளியூர்க்காரர்கள் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்குத் திருடன் வந்தால் வருபவர் ஷெரிஃப். உங்கள் வயலோரத்துச் சாலையில் பனி மூடினால் அள்ளச் செய்ய வேண்டியது மேற்பார்வைக் குழு.

## கட்சிப் பெயரே இல்லாத தேர்தல்

அயோவாவில் ஊர் நிர்வாகத் தேர்தலும் பள்ளிக்கூடத் தேர்தலும் அதிபர் தேர்தலோடு வருவதில்லை. ஒற்றைப்படை வருடத்து நவம்பரில் தனியாக நடக்கின்றன. அங்கே ஒரு விசித்திரமும் உண்டு: சட்டப்படி எல்லா ஊருமே "சிட்டி". முப்பது பேர் இருக்கும் ஊரும் சிட்டிதான். அப்படித் தொள்ளாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

இந்தத் தேர்தல்களில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் கட்சிப் பெயர் அச்சாவதில்லை. இதைக் கட்சி சாராத் தேர்தல் என்கிறார்கள். அமெரிக்க ஊர்களில் பெரும்பாலானவை இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் செயலாளரைத் தேர்ந்தெடுப்பது போலத்தான். அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. மோட்டார் கெட்டால் ஆளைக் கூட்டி வருவாரா, கணக்கை ஒழுங்காக எழுதுவாரா என்றுதான் பார்ப்பார்கள்.

ரொம்பச் சின்ன ஊர்களில் போட்டியிடவே ஆள் கிடைப்பதில்லை. அப்போது ஓட்டுச்சீட்டில் காலியாக விட்டிருக்கும் கோட்டில் மக்களே ஒரு பெயரை எழுதி நீள்வட்டத்தை நிரப்பலாம். எழுதித் தேர்ந்தெடுத்தல் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். தேர்தலில் நிற்காத ஒருவர், ஒரு கைப்பிடி ஓட்டில் மேயர் ஆகிவிடுவது இப்படித்தான்.

இந்த ஊர்களில் நிஜமாகவே சூடாக விவாதிக்கப்படுவது பள்ளிக்கூடம். மாநில அரசு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. இளைஞர்கள் ஊரை விட்டுப் போனால் பிள்ளைகள் குறையும், பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கச் சொல்வார்கள். 1950களில் அயோவாவில் ஆயிரக்கணக்கில் இருந்த பள்ளி மாவட்டங்கள் இன்று 325 அளவில்தான் இருக்கின்றன. கிரெஸ்கோவின் பள்ளி மாவட்டத்துக்கே ஹோவர்ட்-வின்னஷீக் என்று இரண்டு பெயர் சேர்ந்த பெயர். அயோவாவில் இப்படிக் கோடு போட்ட பள்ளிப் பெயரைப் பார்த்தால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு இணைப்புக் கதை இருக்கும். பள்ளி போனால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் போகும், மல்யுத்த அணி போகும், அதைப் பார்க்க வந்தவர்கள் சாப்பிடும் கடையும் போகும். அந்த ஊர்க்காரர்களுக்கு இது ஊர் இருக்குமா இருக்காதா என்ற கேள்வி.

பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டக் கடன் வாங்க வேண்டுமானால் மக்களின் ஓட்டு வேண்டும். கடனை அடைப்பது சொத்து வரியிலிருந்து, அதாவது வீட்டுக்கும் நிலத்துக்கும் ஆண்டுதோறும் கட்டும் வரி. பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் போதாது, அயோவாவில் 60 சதவீதம் வேண்டும். ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டு 590 பேர் "கட்டலாம்" என்று சொன்னாலும் திட்டம் தோற்றுவிடும்.

இங்கே கட்சிக் கோடு எப்படிக் கலைகிறது என்று ஒரு கற்பனை உதாரணத்தில் பாருங்கள். டிரம்புக்கு ஓட்டுப் போட்ட ஒரு இளம் தம்பதி, மூன்று பிள்ளைகள், மூவரும் அதே பள்ளியில். அவர்கள் கட்டடத்துக்கு ஆம் என்பார்கள். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை, வாழ்நாள் முழுக்க ஜனநாயகக் கட்சி. ஓய்வூதியத்தில் வாழ்பவர், வீட்டு வரி ஏறினால் தாங்காது என்று இல்லை என்பார். ஊருக்கு வெளியே நானூறு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு வரி உயர்வு நிலத்தின் அளவுக்கு ஏற்ப வலிக்கும். ஆனால் அவருடைய பேரன் அந்தப் பள்ளியின் மல்யுத்த அணியில் இருக்கிறான். அவர் என்ன செய்வார்? எந்த வரைபடமும் இதற்குப் பதில் சொல்லாது.

சுருக்கமாக: சிற்றூர்க்காரர்கள் ஒரே காகிதத்தில் பல அரசியலைச் செய்கிறார்கள். உச்சியில் நாட்டு அரசியல். கீழே வரி, பள்ளி, சாலை, காவல். இரண்டும் ஒரே திசையில் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

## பிரித்துப் போடுதல்

ஒரே ஓட்டுச்சீட்டில் ஒரு பதவிக்கு ஒரு கட்சி, இன்னொரு பதவிக்கு வேறு கட்சி என்று தேர்ந்தெடுப்பதைப் பிரித்துப் போடுதல் என்று வைத்துக்கொள்வோம். மளிகையை ஒரு கடையிலும் காய்கறியை இன்னொரு கடையிலும் வாங்குவது போல. இதற்கு இன்றும் நல்ல உதாரணம் வெர்மாண்ட், பெரும்பாலும் கிராமங்களால் ஆன மாநிலம். 2024இல் அங்கே அதிபர் பதவிக்குக் கமலா ஹாரிஸ் மிக எளிதாக ஜெயித்தார். அதே நாளில், அதே மக்கள், குடியரசுக் கட்சிக்காரரான ஃபில் ஸ்காட்டை 70 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டு மீண்டும் ஆளுநராக்கினார்கள்.

ஆனால் இந்தப் பழக்கம் நாடு முழுக்கத் தேய்ந்துகொண்டு வருகிறது. கென்டக்கியின் எலியட் கவுண்டியைப் பாருங்கள். 1869இல் அந்தக் கவுண்டி உருவானது முதல் 2012 வரை ஒரு அதிபர் தேர்தலில்கூட ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டதில்லை. 2016இல் டிரம்ப் அங்கே ஏறத்தாழ 70 சதவீதம் வாங்கினார். அதுவரை நீடித்ததே ஊர் அரசியலின் வலிமையால்தான். தாத்தா காலத்திலிருந்து ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்த குடும்பங்கள், ஊர்ப் பதவிகளில் எல்லாம் அந்தக் கட்சிக்காரர்கள். நாட்டு அளவில் கட்சி எங்கே போய்விட்டாலும், ஊரில் தெரிந்த முகம் அதே கட்சியில் இருந்ததால் அந்தப் பிடிப்பு அறாமல் இருந்தது.

பிடிப்பு ஏன் அறுந்தது? எனக்கு மிகவும் வலுவாகப் படும் காரணம் செய்தித்தாள். 2005ஆம் ஆண்டில் இருந்த அமெரிக்கச் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று இல்லை. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை வாரம் ஒரு முறை வந்த சிற்றூர்ப் பத்திரிகைகள். மேற்பார்வைக் குழுக் கூட்டத்தில் யார் என்ன பேசினார், பள்ளி வரவு செலவில் எங்கே ஓட்டை என்று எழுதியவை அவைதான். அவை போன பிறகு மிஞ்சியிருப்பது தேசியத் தொலைக்காட்சியும் கைபேசியும். அவற்றில் கிரெஸ்கோ சாலையைப் பற்றி ஒரு வரி வராது. வாஷிங்டன் சண்டை மட்டும் இருபத்துநாலு மணிநேரமும் வரும். காதில் விழுவது அது மட்டும் என்றால், ஷெரிஃப் பதவிக்கு நிற்பவரையும் அதே அளவுகோலால் அளப்பது இயல்புதான். ஊர்த் தேர்தலும் நாட்டுத் தேர்தலின் நிழலாகிவிடும் இந்தப் போக்கை அரசியல் ஆய்வாளர்கள் தேசியமயமாதல் என்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நல்ல ஆடிட்டர் ஒருவர், கட்சிப் பெயருக்காக மட்டும் தோற்பது அந்த ஊருக்குத்தான் நஷ்டம்.

## "கிராமம்" என்று ஒரே ஒரு கிராமம் இல்லை

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. ஹோவர்ட் கவுண்டி வெள்ளையர்கள் வாழும் மத்திய மேற்குப் பகுதி. அமெரிக்கக் கிராமப்புறம் அதோடு முடிவதில்லை. அலபாமாவின் மேகன் கவுண்டியில் கறுப்பின மக்களே மிகப் பெரும்பான்மை, அங்கே ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுகள் குவிகின்றன. தெற்கு டகோட்டாவில் லகோட்டா பழங்குடியினரின் நிலமான ஓக்லாலா லகோட்டா கவுண்டி, நாட்டிலேயே மிக ஏழ்மையான இடங்களில் ஒன்று, மிக நீலமான இடங்களிலும் ஒன்று. மெக்ஸிகோ எல்லையில் இருக்கும் டெக்ஸாஸின் ஸ்டார் கவுண்டியில் ஏறத்தாழ எல்லோருமே ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் மரபினர். நூறு வருடத்துக்கும் மேல் ஜனநாயகக் கட்சியோடு இருந்துவிட்டு 2024இல்தான் முதன்முறையாக டிரம்பிடம் சாய்ந்தது. இவை எல்லாமே வயலும் தூசியும் நீண்ட சாலையும் கொண்ட கிராமப்புறங்கள்தான்.

## யார் வருகிறார்கள்?

கடைசியாக ஒன்று. அதிபர் தேர்தலுக்கு வருகிறவர்களும் ஊர்த் தேர்தலுக்கு வருகிறவர்களும் ஒரே கூட்டம் இல்லை. 2020 அதிபர் தேர்தலில் நாட்டின் தகுதியுள்ள வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஓட்டுப் போட்டார்கள். ஒற்றைப்படை வருட ஊர்த் தேர்தலுக்குப் பல இடங்களில் கால்வாசிப் பேர்கூட வருவதில்லை. வருகிறவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், ஊரில் பல காலம் இருப்பவர்கள். பள்ளிக் கட்டடத்துக்கு 60 சதவீதம் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அன்று வேலையில் இருப்பார்கள்.

கூட்டம் குறையக் குறைய ஒவ்வொரு ஓட்டும் கனக்கும். 2020இல் அயோவாவின் தென்கிழக்கில் வாஷிங்டனுக்கான ஒரு தொகுதி முடிவானதே வெறும் 6 ஓட்டில். அங்கே பதிவானவை ஏறத்தாழ நாலு லட்சம். நூறு பேர் மட்டும் ஓட்டுப் போடும் ஊரில் சமநிலையே வந்துவிடும். அதற்கும் அயோவா சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள்: மறுதேர்தல் கிடையாது, திருவுளச்சீட்டுப் போல இரண்டு பெயரையும் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள், யார் பெயர் வருகிறதோ அவரே மேயர்.